மாமியும் உப்புத்தண்ணீர்த் தொட்டியும்

கல்யாணம் முடித்து ஒரு வருசத்துக்கு மேலாகியும் மாமி என்னோடு நேரடியாக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். சம்மாந்துறையில் வயலும் வரம்புமாக வளர்ந்த நான் அப்படித்தான் சாய்ந்தமருதுக்கு, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்த மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மருமகனுக்கு முன்னால் வந்து நிற்பதற்கு மாமிமார் வெட்கப்படுவது பழைய ஆட்களின் முறை. பல வீடுகளில் அந்த முறை எப்போதோ போய்விட்டது. எங்கள் மாமி மட்டும் விடாமல் வைத்திருந்தார்.

நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் அடுப்படியில், குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பார்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமாண்டு கேளுங்க மகள்."

என் மனைவி என்னைப் பார்ப்பாள். "உம்மா கேக்காங்க, சோறு வேணுமாண்டு."

"காணும், வயிறு நிறைஞ்சிட்டு எண்டு சொல்லு."

"காணுமாம் உம்மா."

இவ்வளவும் ஒரு கதவின் இரண்டு பக்கமும் நடக்கும். மூன்று பேருக்கும் மூன்று பேரின் குரலும் கேட்கும். இருந்தாலும் கதை மனைவி வழியாகத்தான் போய் வர வேண்டும்.

எனக்குக் கல்முனையில் ஒரு தனியார் வைத்திய நிலையத்தில் வேலை. இரத்தம், சிறுநீர் பரிசோதிப்பது. ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போன இடத்தில், ஒரு பல் வைத்தியரின் வாசலில் கடல் மீன் தொட்டி ஒன்றைக் கண்டேன். உள்ளே கற்கள், கற்களின் மேல் காற்றில் ஆடும் பூக்கள் மாதிரி ஏதோ, அவற்றுக்கு நடுவே தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு சின்ன மீன்கள். பல்லுக் காட்ட வந்தவர்களை விட அதிக நேரம் நான் அங்கே நின்றேன். கடற்கரைக்குக் கிட்ட வந்து குடியிருந்தும் கடலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மாமா மீன் மொத்த வியாபாரி. அவர் வீட்டுக்குக் கொண்டு வருகிற மீன்கள் எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் கண்ணை விழித்துக்கொண்டு கிடப்பவை. உயிரோடு நீந்துகிற கடல் மீனை நான் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். "கடல் அந்தா சத்தம் போடுது. அதுக்குள்ள வீட்டுக்குள்ளயும் ஒரு கடலா?"

மாமா அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். ஆனால் அவர்தான் கல்முனையில் தனக்குத் தெரிந்த கண்ணாடிக் கடையில் சொல்லி, இரண்டடி நீளத்தில் கனமான கண்ணாடித் தொட்டி ஒன்று செய்வித்துக் கொடுத்தார். மேசைக்கும் அவரே பலகை தேடினார். முன் விறாந்தையில், வெயில் நேரே விழாத மூலையில் மேசையை வைத்து, மட்டம் பார்த்து, தொட்டியை இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தோம்.

"தண்ணிக்கு என்ன யோசின?" என்றார் மாமா. "போட்டுக்காரங்கள்ட்ட சொன்னா ஆழத்துக் கடல்தண்ணி கேன்ல கொண்டு வந்து தருவானுகள். கரைத் தண்ணி கலங்கல்."

கதவுக்குப் பின்னால் மாமி இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது.

"கடல் ஒரு தரம் கேக்காம வீட்டுக்குள்ள வந்த," என்றார் அவர். குரல் உயரவில்லை. "மறுகா நாங்களே கேன்ல அள்ளிக் கொண்டு வாறதா? வேணாமெண்டு சொல்லுங்க மகள்."

வாசற்படியில் நின்ற மனைவி அதை எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. மாமா மட்டம் பார்க்கும் கருவியை மேசையில் வைத்தார். பிறகு வேலை இருக்கிறதென்று வெளியே போய்விட்டார்.

சுனாமி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள். ஈர உடுப்போடு எங்கள் வகுப்பறைத் தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாப்பா தேத்தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. மாமி அந்தத் தண்ணீருக்குள் நின்றவர். பழைய வீடும் அவருடைய தங்கையும் அன்றைக்கே போனதை மனைவி எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அதன் பிறகு மாமி கடற்கரைப் பக்கம் போவதில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும் கடல்தண்ணீர் பற்றி விறாந்தையில் நின்று சத்தமாகக் கதைத்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகப் போனது. தொட்டியை விற்றுவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவசரப்படாதீங்க," என்றாள். "உம்மா கடல்தண்ணி வேணாமெண்டுதான் சொன்ன. தொட்டி வேணாமெண்டு சொல்லல்லயே."

அப்போதுதான் கொழும்புக் கடைகளில் விற்கும் உப்புப் பை ஞாபகம் வந்தது. கடலுக்குக் கிட்ட இல்லாதவர்கள் அதைத்தான் பாவிக்கிறார்கள். மீனுக்கு வேண்டிய உப்புகள் எல்லாம் கலந்த தூள். சுத்திகரித்த குடிதண்ணீரில் அளவாகக் கரைத்தால் போதும். கடலில் காலடி வைக்கத் தேவையில்லை.

அன்றிரவு சாப்பாட்டில் நான் மனைவியைப் பார்த்து, ஆனால் குசினிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நாம குடிக்கிற கேன் தண்ணியும் கடையில வாங்கிற உப்பும்தான். கடல்ல இருந்து ஒரு சொட்டும் வராது."

கதவுக்குப் பின்னால் கறிச்சட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அவருக்கு மீன் ஆணம் இன்னும் கொஞ்சம் வைங்க மகள்" என்று வந்தது. அதுதான் சம்மதம்.

உப்புப் பையும், தண்ணீரைச் சுழற்றும் மோட்டரும், விளக்கும், துளை துளையான காய்ந்த கற்களும், சிப்பித்தூள் மணலும் கொழும்பு பஸ்ஸில் வந்தன. பெரிய வாளியில் உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, தொட்டியை நிரப்பினேன். முதல் நாள் பால் மாதிரிக் கலங்கிக் கிடந்த தண்ணீர் அடுத்த நாள் தெளிந்தது. நான் வேலைக்குப் போன நேரத்தில் மாமி வந்து விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாராம்.

"என்ன சொன்னாங்க?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கறிக்கு உப்புக் கூடின மாதிரி இரிக்கி. கடல் மணம் இல்ல எண்டாங்க."

அதற்குப் பிறகு வந்ததுதான் எல்லோரையும் சிரிக்க வைத்த காலம். புதுத் தொட்டியில் உடனே மீன் விட முடியாது. மீனின் கழிவு தண்ணீரில் நஞ்சாகிவிடும். அந்த நஞ்சைத் தின்கிற கிருமிகள் முதலில் கல்லிலும் மணலிலும் பெருக வேண்டும், அதற்கு வாரக்கணக்காகும். அந்தக் கிருமிகளுக்குத் தீனியாக, ஏதாவது ஒன்றைத் தண்ணீரில் அழுக விடுவது ஒரு வழி. நான் குசினியில் இருந்து ஒரு இறாலை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன்.

மாலையில் வந்து பார்த்தால் இறால் இல்லை.

"உம்மா எடுத்துப் பூனைக்குப் போட்டுட்டாங்க," என்றாள் மனைவி. "தவறி விழுந்திட்டாக்கும் எண்டு நினைச்சாங்களாம்."

"தவறி விழல்ல. நான்தான் போட்ட. அது அழுகணும்."

அவள் குசினிப் பக்கம் திரும்பினாள். "வேணுமெண்டுதான் போட்டாராம் உம்மா. அழுகணுமாம்."

"நல்ல இறால அழுக விடுறதா?" என்றது குசினி. "விசர் கதையா இரிக்கி. அப்ப பழுதானத எடுக்கச் சொல்லுங்க. நல்லதுல ஏன் கை வைக்கிற?"

நியாயமான கேள்வி. மாமா அடுத்த நாள் விற்க முடியாத இறால் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வந்து தந்தார்.

பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக வந்தார்கள். மோட்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, உள்ளே கல்லும் மணலும் ஒரு அழுகிய இறாலும். "கல்லு வளக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டார் ஒருவர். நான் வேலைத்தளத்துப் பழக்கத்தில் கண்ணாடிக் குழாய்களில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டுகள் விட்டு, நிறம் மாறுகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மாமிக்கு நான்தான் மாதா மாதம் இரத்தத்தில் சீனி பார்த்துக் கொடுப்பேன். அவர் விரலை மட்டும் திரைச்சீலைக்கு வெளியே நீட்டுவார்.

"மீனே இன்னும் வரல்ல," என்று ஒருநாள் அவர் மகளிடம் சொன்னது கேட்டது. "அதுக்குள்ள அதுக்கும் சீனி வருத்தமா?"

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். கதவுக்குப் பின்னாலும் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

இறால் கரைந்து போய், கற்களில் மண்ணிறப் பாசி படர்ந்து, பிறகு அதுவும் குறைந்து, குழாயில் நஞ்சின் நிறம் காட்டாமல் போனது. முதலில் பாசி தின்னும் நத்தைகளும், சங்குக்குள் குடியிருக்கும் குட்டி நண்டுகளும் வந்தன. அவை தாக்குப் பிடித்ததைப் பார்த்து, அந்த வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீன் இரண்டுக்குக் கொழும்புக் கடையில் சொன்னேன். விடிகாலை சுபஹ் தொழுதுவிட்டு நானும் மாமாவும் பஸ் தரிக்கும் இடத்தில் நின்று அந்தப் பெட்டியை வாங்கினோம். மீன்களோடு, பொத்தான் பொத்தானாக ஏதோ ஒட்டியிருந்த ஒரு சின்னக் கல்லும் இருந்தது. பவள வகை. கடலில் இருந்து பிடுங்க அனுமதியில்லை. அந்தக் கடைக்காரர் தன் தொட்டியிலேயே பெருக்கி, துண்டாக்கி விற்பவர்.

பையைத் தண்ணீரில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, மீன்களை விட்டபோது வீடே விறாந்தையில் நின்றது. மாமி திரைச்சீலைக்குப் பின்னால்.

"இதப் பொரிச்சா எண்ணெய்க்கும் காணா," என்றார் மாமா. ஆனால் அன்றைக்கு அவர் கடைக்குப் பிந்தித்தான் போனார்.

மத்தியானம் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கல்லின் பொத்தான்கள் விரிந்தன. பச்சை நடுவும் அதைச் சுற்றி மெல்லிய இதழ்களும். மனைவி எனக்கு வேலைத்தளத்துக்குப் போன் எடுத்தாள். "உம்மா கூப்பிட்டுக் காட்டினாங்க. கல்லு பூக்குதாம், வந்து பாக்கட்டாம்."

தொட்டியில் ஒரு புதினமான விசயம் எனக்கு விளங்கவில்லை. எங்கள் வெக்கைக்குத் தண்ணீர் ஆவியாகிக் குறையும், தினமும் நன்னீர் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும் என்று மனைவிக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். ஆனால் நான் மாலையில் வந்து பார்த்தால் தண்ணீர் குறைவதே இல்லை. அளவு பார்த்தால் உப்பும் சரியாக இருக்கும். இப்படிச் சில வாரம் போன பிறகுதான் மனைவி சொன்னாள்.

"உம்மாதான் ஊத்துறாங்க. கறி வத்தினா உப்புக் கரிக்கும்தானே, சுடுதண்ணி விட்டுச் சரிக்கட்டுற மாதிரித்தான், இதுக்கு ஏன் அவரு வந்துதான் ஊத்தணும் எண்டாங்க."

"சுடுதண்ணியா ஊத்துறாங்க?"

"சீ! கேன் தண்ணிதான்."

பின்னேரம் அசர் தொழுத பிறகு மாமி தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு உட்காருவதும், என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் எழும்பி உள்ளே போவதும் எனக்குத் தெரிந்திருந்தது. கதிரை சூடாகவே இருக்கும். ஒருநாள் கற்களுக்கு நடுவே, காலையில் நாங்கள் சாப்பிட்ட பாண் துண்டு ஒன்று ஊறிக் கிடந்தது. நான் மனைவியைக் கூப்பிட்டு, "மீனுக்கு ஒரு சிட்டிகைத் தீனிக்கு மேல போட வேணாம், தண்ணி பழுதாயிடும்" என்றேன்.

"ஆரோ பசிக்குமெண்டு போட்டிருப்பாங்க," என்றது குசினி.

மாரி தொடங்கியது. ஒரு சனிக்கிழமை வாப்பாவின் வயலைப் பார்க்க நான் சவளக்கடைக்குப் போனேன். வரம்பை உடைத்துத் தண்ணீரை வழிய விடுகிற வேலை. மனைவி நிந்தவூரில் பிள்ளை பெற்றிருந்த தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்தாள். மத்தியானம் மழை இன்னும் இறுகியது. திரும்பி வரும் வழியில், தாழ்வான பாலம் மாதிரி இருக்கும் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. வாகனங்களை மறித்துத் திருப்பி விட்டார்கள். நான் வயல் பார்க்கிறவரின் வீட்டுக்கே திரும்பிப் போய்த் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமியின் இலக்கம். அதில் இருந்து எனக்கு ஒருநாளும் அழைப்பு வந்ததில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி."

எனக்குப் பயம் வந்துவிட்டது.

"வஅலைக்கும் ஸலாம். மகன்... கரண்ட் போயிட்டு."

"எப்ப போன மாமி?"

"மத்தியானம் லுஹருக்கு முந்திப் போன. தொட்டி சத்தமில்லாமக் கிடக்கு. மீன் ரெண்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுகள். மகளுக்கு எடுத்தா போன் வேல செய்யல்ல. மாமாவும் இல்ல. நான் என்ன செய்ய மகன்?"

"பயப்படாதீங்க. சவுக்காரம் படாத கோப்பை ஒண்டு எடுங்க. தொட்டித் தண்ணிய அள்ளி, உசரத்தில இருந்து திரும்ப அதுக்குள்ளேயே ஊத்துங்க. காத்து உள்ள போகணும்."

"தேத்தண்ணி ஆத்துற மாதிரியா?"

"ஓம் மாமி, அதே மாதிரித்தான்!"

"அது எனக்குத் தெரியும். நீங்க போன வைங்க."

வைத்தேன். வெளியே மழை, பக்கத்தில் வயல்காரர் தந்த தேத்தண்ணீர். மனம் முழுக்க விறாந்தையில். கொஞ்ச நேரத்தில் மாமியே எடுத்தார்.

"சின்னது கீழ போயிட்டு. பெரிசு இன்னும் மேலதான் நிக்கி."

"விடாம ஊத்துங்க மாமி. கை நோகுதா?"

"நோகுதுதான். மாமா வந்திட்டாரு, அவருட்ட கொடுத்திருக்கன். அவரு நுரை வாற மாதிரி ஊத்தத் தெரியாம மேசையெல்லாம் நனைக்காரு."

பின்னால் மாமாவின் குரல்: "நான் மீன் விக்கிறவன், மீனுக்குத் தேத்தண்ணி ஆத்துறவன் இல்ல!"

அன்றைக்கு மாமி எனக்கு எத்தனை தரம் எடுத்தார் என்று தெரியாது. பூ மூடிவிட்டது என்று ஒரு தரம். இருட்டில் அது மூடும்தான் என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் கோப்பையோடு வந்துவிட்டார்கள் என்று ஒரு தரம். ஒரு வருசத்துக்கு மேலாக நாங்கள் கதைக்காமல் வைத்திருந்த கதையெல்லாம் அந்த ஒரு பின்னேரத்தில் கதைத்து முடிந்தது என்று நினைக்கிறேன். பொழுதுபட்டு, மஃரிப் தொழுது கொஞ்ச நேரத்தில் கடைசி அழைப்பு வந்தது. மாமி போனைத் தொட்டிக்குக் கிட்டப் பிடித்திருந்தார். மோட்டரின் முணுமுணுப்புக் கேட்டது.

அடுத்த நாள் வெள்ளம் வடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது மாமி விறாந்தையில்தான் நின்றார். உள்ளே போகவில்லை. முகத்திரை மாதிரி இழுத்துப் பிடிக்கும் முக்காட்டையும் இழுக்கவில்லை. ஒரு நத்தை செத்திருந்தது. மீன் இரண்டும் கல்லைச் சுற்றிக்கொண்டு நின்றன.

"சாப்பிட்டீங்களா மகன்?" என்றார் நேரே என்னைப் பார்த்து. நான் பதில் சொல்லும் முன்னமே, "பெட்டரியில ஓடுற, காத்து விடுற மெஷின் ஒண்டு இரிக்காமே. பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல பாத்துச் சொன்ன. அத முதல்ல வாங்குங்க" என்றார்.

அந்த வாரமே வாங்கினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் கதைக்க விசயத்துக்குக் குறைவில்லை. பெரும்பாலும் வாக்குவாதம்தான். நோன்பு மாதத்தில் மீனுக்குப் பகலில் தீனி போடக் கூடாது, நாம் திறக்கும்போதுதான் அதுகளுக்கும் என்றார். "மீனுக்கு நோம்பு கடமையில்ல மாமி" என்றேன். "கடமையில்லதான். நாம பசியோட இரிக்கக்குள்ள அதுகள் நம்மளப் பாத்துப் பாத்துத் திண்டா நல்லாவா இரிக்கும்?" என்றார். அந்த மாதம் முழுக்க மீன்கள் நோன்பு திறக்கும் நேரத்தில்தான் தின்றன. அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை.

மனைவிதான் சிலநேரம் எரிச்சல்படுவாள். நாங்கள் இரண்டு பேரும் பாசியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது சோறு ஆறிப்போகும்.

மாமி இன்னும் கடற்கரைக்குப் போவதில்லை. ஆரும் கூப்பிடுவதுமில்லை. ஆனால் ஒருநாள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, தங்கையும் தானும் சின்ன வயதில் கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பற்றிக் கனநேரம் சொன்னார். எது பெரிது என்று சண்டை பிடித்து, தங்கை கோபத்தில் எல்லாவற்றையும் திருப்பிக் கடலில் எறிந்த கதை. சொல்லிக்கொண்டே சிரித்தார். மனைவியும் அந்தக் கதையை அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டாளாம்.

போன மாதம் மாமா போட்டுக்காரர்களிடமிருந்து வாளிக்குள் ஒரு மீனைக் கொண்டு வந்தார். சின்னப் பேத்தை, உடம்பெல்லாம் புள்ளி. "விக்கவும் ஏலா, திங்கவும் ஏலா, பாத்தா சோக்கா இரிக்கி. தொட்டிக்கு விடுங்க," என்று பெருமையாக வைத்தார். வாளி ஆடியதில் அது பயந்து, தண்ணீரைக் குடித்து, பந்தாக ஊதிக்கொண்டது.

மாமி குனிந்து பார்த்தார். "இதுட பல்லப் பாருங்க. நத்தையயும் நண்டையும் ஒண்டு மிச்சம் வைக்காது. கொண்டு போய் விடுங்க."

"இவ்வளவு தூரம் கொண்டு வந்த," என்றார் மாமா.

"அவ்வளவு தூரம் திரும்பக் கொண்டு போங்க. மகன், நீங்களும் போங்க. இவரு வழியில கொட்டிட்டு வந்திருவாரு."

மாமா பின்னால் வாளியோடு உட்கார, நான் மோட்டார் சைக்கிளை ஓட்டினேன். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். ஊரில் பெரிய மீன் வியாபாரி சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒருவரும் காசு கொடுத்து வாங்காத பேத்தை ஒன்றைக் கடலில் விடுவதைக் கண்டு அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேத்தையோ ஊதியபடியே வயிறு மேலே தெரிய மிதந்தது. ஒவ்வொரு அலையும் அதை எங்கள் காலடிக்கே திருப்பிக் கொண்டு வந்தது.

"போயிருவம்," என்றார் மாமா.

"நீந்திச்சா எண்டு மாமி கேப்பாங்க."

அவர் பெருமூச்சு விட்டு அங்கேயே நின்றார். நானும் நின்றேன். இரண்டு பேருடைய சாரமும் நனைந்தது. கடைசியில் அது தண்ணீரைத் துப்பிச் சுருங்கி, ஒரு தரம் புரண்டு, வாலை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனது.